டப்பாவிலிருந்து சோற்றுக்கு வருவது என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நான்கே வரி எழுதியிருந்தேன். பிளாஸ்டிக் டப்பாவை மூடியோடு மைக்ரோவேவில் வைக்காதீர்கள், முடிந்தால் கண்ணாடிக்கோ பீங்கானுக்கோ மாற்றிச் சூடாக்குங்கள், அவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்த காலத்தில்கூட ஒரே வாரத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு கேட்டதில்லை. எல்லாவற்றையும் போட இடமில்லை, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பொங்கோல் வாசகி: ஐயா, எனக்கு 3 மாதக் குழந்தை. பால் புட்டியில் 'பிபிஏ இல்லை' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அப்படியென்றால் பயமில்லைதானே? கொதித்த தண்ணீரை நேராகப் புட்டியில் ஊற்றி, பால்மாவு போட்டுக் குலுக்குகிறேன்.

'பிபிஏ இல்லை' என்பது உண்மையாகத்தான் இருக்கும் அம்மா, ஆனால் அந்த எழுத்து ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. பிபிஏ என்பது பிஸ்பீனால் ஏ. கண்ணாடி மாதிரி பளிச்சென்று, கீழே போட்டாலும் உடையாத பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கை அதிலிருந்துதான் செய்கிறார்கள். ஒரு காலத்தில் பால் புட்டிகள் எல்லாம் அதில்தான் வந்தன. இந்தப் பொருள் உடம்புக்குள் போனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்கிறது என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. லண்டனில் சார்ல்ஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானி 1936இலேயே அதைக் காட்டிவிட்டார். பாலிகார்பனேட் வந்ததே 1950களில்தான். ஹார்மோன் வேலை செய்யும் என்று தெரிந்த பொருளிலேயே குழந்தைக்குப் பால் புட்டி செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தடை வர எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். 2008இல் கனடா முதலில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் 2011இல் பால் புட்டியில் தடை செய்தன, நம் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் மலேசியா 2012 மார்ச்சில். அமெரிக்காவில் பால் புட்டியில் அதற்கிருந்த அனுமதியை 2012இல் விதியிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் கம்பெனிகளே அதைக் கைவிட்டிருந்தன, தாய்மார்கள் வாங்க மறுத்ததால்.

பிபிஏயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. சில பொருள்களில் பிபிஎஸ், பிபிஎஃப் என்று அதன் தம்பிமார்கள் வந்து உட்கார்ந்தார்கள், அவையும் ஹார்மோனோடு விளையாடுபவைதான். பால் புட்டிகளில் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வந்தது. அதில் பிஸ்பீனால் இல்லை, நல்ல விஷயம். ஆனால் 2020இல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் அந்தப் புட்டிகளில் பால் கலக்கிப் பார்த்தபோது, ஒரு லிட்டருக்கு 1 கோடியே 62 லட்சம் வரை நுண்துகள்கள் உதிர்ந்தன. தண்ணீர் சூடாக ஆக எண்ணிக்கை ஏறியது: 25 டிகிரியில் 6 லட்சம், 95 டிகிரியில் 5 கோடியே 50 லட்சம். இந்தத் துகள் குழந்தைக்கு என்ன செய்யும் என்பது இன்னும் அறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் தவிர்ப்பது சுலபமாக இருக்கும்போது நிரூபணத்துக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும்?

ஆகவே கொதித்த தண்ணீரைப் புட்டியில் ஊற்றாதீர்கள். கிருமி சாக வேண்டும் என்பதால் பால்மாவை 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. ஒரு கண்ணாடிக் குவளையிலோ எவர்சில்வர் டம்ளரிலோ கலக்கி, ஆறவைத்து, குடிக்கும் சூட்டுக்கு வந்தபின் புட்டிக்கு மாற்றுங்கள். புட்டிக்குள் வைத்துக் குலுக்காதீர்கள், குலுக்கினால் இன்னும் உதிரும். கண்ணாடிப் புட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, கனமாக இருக்கும், அதுதான் ஒரே சிரமம்.

உட்லண்ட்ஸ் வாசகர்: டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதே, எந்த எண் நல்லது?

அந்த எண்கள் 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்தவை, மறுசுழற்சியில் தரம் பிரிப்பதற்காக. 'பாதுகாப்பானது' என்ற முத்திரை அல்ல அது. இருந்தாலும் என்ன பிளாஸ்டிக் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். சூடான சாப்பாட்டுக்கு 5 பரவாயில்லை, அதுதான் பாலிப்ரொப்பிலீன். 3 என்றால் பிவிசி, 6 என்றால் பாலிஸ்டைரீன், இரண்டிலும் சூடான எதையும் வைக்காதீர்கள். 7 என்பது 'மற்றவை'. பாலிகார்பனேட்டும் அதற்குள் வரும், ஆபத்தில்லாத வேறு பிளாஸ்டிக்கும் வரும். எண்ணை மட்டும் பார்த்து 7ஐப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

ஈசூன் வாசகர்: நான் இரவு வேலை பார்க்கும் பாதுகாவலர். தினமும் கோப்பிக் கடையில் இரண்டு தடவை கோப்பி பைக்குள் ஊற்றிக் கட்டி வாங்குகிறேன், 20 வருடப் பழக்கம். சில நாள் மீன்கறியும் அதே மாதிரி பையில்தான். என் மகள் 'அப்பா, அது விஷம்' என்கிறாள். அவள் சொல்வது சரியா?

விஷம் என்ற வார்த்தை பெரியது அண்ணே. ஆனால் மகள் கவலைப்படுவது தப்பில்லை.

டப்பாவிலிருந்து சாப்பாட்டுக்குள் எது இறங்கினாலும், அதைப் பிடித்து இழுப்பது நான்கு விஷயங்கள்: சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம். குளிர்ந்த தண்ணீர் ஒரு மணி நேரம் பையில் இருந்தால் ஒன்றும் நடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய மீன்கறியை நினைத்துப் பாருங்கள், மேலே எண்ணெய் மிதக்கிறது, புளி கரைத்திருக்கிறது, நீங்கள் வேலைக்குப் போய் மூன்று மணி நேரம் கழித்துத்தான் பிரிக்கிறீர்கள். நான்கும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. உங்கள் கோப்பியைவிட மீன்கறிதான் எனக்குக் கவலை தருகிறது.

பையும் ஒரே மாதிரி இல்லை. சூடு தாங்கும் பை பாலிப்ரொப்பிலீன், அது உருக 160 டிகிரி வேண்டும், கோப்பியின் சூடு அதற்குக் கிட்டவே வராது. மெல்லிய, கொழகொழவென்று இருக்கும் பை குறைந்த அடர்த்தி பாலிஎத்திலீனாக இருக்கலாம், அது சூட்டுக்குச் சீக்கிரம் இளகும். கடைக்காரர் எந்தப் பையில் ஊற்றுகிறார் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம், மொத்த வியாபாரி கொடுத்ததை வாங்கி வைத்திருப்பார். வெள்ளை நுரை டப்பாவைப் பார்த்தால் மட்டும் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பாலிஸ்டைரீன், சூட்டில் இளகிவிடும். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும் ஸ்டைரீனை 2018இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'மனிதனுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் சேர்த்தது.

ஒரு எவர்சில்வர் பிளாஸ்க், ஒரு இரண்டடுக்குத் தூக்கு, இதை வேலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 'இதில் ஊற்றுங்கள்' என்று நீட்டினால் முகம் சுளிக்கும் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. கோப்பியும் விடியும்வரை சூடாக இருக்கும்.

தெம்பனிஸ் வாசகி: உணவங்காடியில் கொடுக்கும் தட்டும் கிண்ணமும் மெலமைன் என்கிறார்கள். சீனாவில் பால்மாவில் கலந்து குழந்தைகள் இறந்துபோனார்களே, அதே மெலமைனா?

அதே மூலக்கூறுதான், ஆனால் கதை வேறு. 2008இல் அங்கே தண்ணீர் கலந்த பாலில் புரதம் கூடுதலாக இருப்பதுபோலக் காட்ட மெலமைன் பொடியை வேண்டுமென்றே கலந்தார்கள். அது சிறுநீரகத்தில் கல்லாகி 6 குழந்தைகள் இறந்தார்கள், ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். சிங்கப்பூரும் அந்த வருடம் செப்டம்பரில் சீனப் பால் பொருள்களை நிறுத்தியது.

தட்டில் மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் இறுகப் பிணைந்து கெட்டியாக இருக்கின்றன. சாதாரணச் சோறு, கறி, மேசையில் வைத்து அரை மணி நேரத்தில் சாப்பிட்டு முடிப்பது, இதில் இறங்குவது மிகக் குறைவு. மைக்ரோவேவில் வைக்கும்போதும், கொதிக்கும் புளிப்பான சூப்பை ஊற்றி வைக்கும்போதும்தான் பிணைப்பு விட்டுக்கொடுக்கிறது. வீட்டில் உள்ள மெலமைன் கிண்ணம் கீறல் விழுந்து, பளபளப்பு போய், சொரசொரப்பாக ஆகியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்புறம், 'மூங்கில் நாரில் செய்தது, இயற்கையானது' என்று விற்கும் கோப்பைகளில் பலவும் மூங்கில் தூளை மெலமைன் பிசினில் ஒட்டியவைதான். ஐரோப்பாவில் அதை அனுமதிப்பதில்லை, ஏனென்றால் மூங்கில் தூள் சேர்ந்தால் பிசின் இன்னும் சீக்கிரம் சிதைகிறது. இயற்கை என்ற வார்த்தையை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்களை நினைத்தால்தான் மனது கேட்கவில்லை.

ஜூரோங் வெஸ்ட் வாசகி: பிளாஸ்டிக் வேண்டாம் என்று பழுப்புக் காகித டப்பாவில்தான் வாங்குகிறேன். சரிதானே?

குப்பைக்கு ஓரளவு நல்லது. ஆனால் காகிதத்தில் எண்ணெய் ஊற்றினால் ஊற வேண்டுமல்லவா? பொரித்த கோழி வைத்தும் ஊறவில்லையென்றால் அதன்மேல் ஏதோ பூசியிருக்கிறார்கள். சில சமயம் பிளாஸ்டிக் படலம், சில சமயம் பிஎஃப்ஏஎஸ் என்ற குடும்பத்து ரசாயனம். கார்பனும் ஃப்ளோரினும் கட்டிக்கொண்ட அந்தப் பிணைப்பு தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்தே தள்ளிவிடும், மண்ணிலும் உடம்பிலும் லேசில் சிதையாது. அந்தக் குடும்பத்தில் ஒன்றான பிஎஃப்ஓஏ ரத்தத்தில் பாதியாகக் குறையவே வருடக்கணக்கில் ஆகும். 2023இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாகவே வகைப்படுத்திவிட்டார்கள்.

டென்மார்க் 2020 ஜூலையிலேயே உணவுக் காகிதத்தில் இதைத் தடுத்தது. அமெரிக்காவில் எண்ணெய் தாங்கும் காகிதத்துக்கு இதை விற்பதை நிறுத்தியாகிவிட்டது என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2026 ஆகஸ்ட் 12 என்று தேதி குறித்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம், டப்பாவின் உட்புறத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். பரவி ஊறினால் பூச்சு இல்லை. முத்து மாதிரி உருண்டு நின்றால் ஏதோ பூச்சு இருக்கிறது, எது என்று சொட்டு சொல்லாது. அந்த டப்பாவில் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவரலாம், வந்ததும் தட்டுக்கு மாற்றிவிடுங்கள், மறுநாளுக்கு அதிலேயே வைத்துச் சூடாக்க வேண்டாம். வாழையிலைத் துண்டு ஒன்றைக் கொடுத்து 'இதில் வைத்துக் கட்டுங்கள்' என்று கேட்ட காலம் இங்கேயும் இருந்தது.

புக்கிட் பாத்தோக் வாசகர்: ஐரோப்பாவில் பிபிஏயை முழுவதுமாகவே தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேன். நம் அரசாங்கம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? நாம்தான் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டுமா?

நல்ல கேள்வி, கோபத்திலும் நியாயம் இருக்கிறது. முதலில் இங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நம் உணவு விதிமுறைகளில் 37ஆவது விதி பாத்திரங்களுக்கும் பொட்டலங்களுக்குமானது. புற்றுநோய் உண்டாக்கும், மரபணுவைக் கெடுக்கும், கருவைப் பாதிக்கும் பொருள் எதையும் உணவுக்குள் விடக்கூடிய பாத்திரத்தை இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது என்கிறது அது. பிவிசியில் வினைல் குளோரைடு 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று எண்ணாகவே சொல்லியிருக்கிறது. 2019 ஏப்ரலில் தொடங்கிய சிங்கப்பூர் உணவு அமைப்புதான் இதைக் கவனிக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்புக்கென்று புதிய சட்டத்தையும் நிறைவேற்றியது, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

ஆக, சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 'கெட்ட பொருள் எதுவும் கூடாது' என்று பொதுவாகச் சொல்வதும், 'இந்தப் பொருள், இந்த அளவு, இந்தத் தேதிக்குமேல் கூடாது' என்று பெயர் சொல்லிச் சொல்வதும் ஒன்றில்லை. பெயர் சொன்னால்தான் தொழிற்சாலை மாறும். தகரடப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் டப்பாவின் ஓரத்தைக் காரீயப் பற்றவைப்பால்தான் ஒட்டினார்கள், அந்த ஈயம் குழந்தைகள் சாப்பிடும் பழத்துக்குள் இறங்கியது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1991இல் அதைக் கைவிட்டார்கள், 1995இல் தடையே வந்தது. இன்றைக்குப் பேரங்காடியில் நின்று 'இந்தச் சார்டின் டப்பாவில் ஈயப் பற்று இருக்குமோ' என்று யாரும் தடவிப் பார்ப்பதில்லை. நம் கையிலிருந்த கவலையைத் தடை எடுத்துக்கொண்டது.

பிபிஏயிலும் அதுதான் நடக்க வேண்டும். பால் புட்டியில் போனாலும் தகரடப்பாவின் உட்பூச்சில் அது இருந்துகொண்டே இருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 4 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்றது. 2023இல் அதையே 0.2 நானோகிராம் என்று மாற்றியது, 20,000 மடங்கு குறைவு. எல்லா விஞ்ஞானிகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் சொந்த ஆய்வு நிறுவனமே அவ்வளவு கீழே போக வேண்டியதில்லை என்று வேறு எண்ணைச் சொன்னது. ஆனால் அவர்கள் சொன்ன எண்ணும் பழையதைவிட 20 மடங்கு குறைவு என்பதைக் கவனியுங்கள். இரண்டு தரப்பும் கீழேதான் இறங்கியிருக்கின்றன. 2024 டிசம்பரில் ஐரோப்பா தடையை நிறைவேற்றியது. 2025 ஜனவரி 20 முதல் சட்டம், தயாரிப்பாளர்களுக்கு 18 மாத அவகாசம், பழம், காய்கறி, மீன் அடைக்கும் சில டப்பாக்களுக்கு 2028 ஜனவரி வரை. 'தம்பிமார்' என்று மேலே சொன்னேனே, ஆபத்தான மற்ற பிஸ்பீனால்களையும் சேர்த்தே மடக்கியிருக்கிறார்கள், அதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நாம் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு, டப்பாவும் அதோடு வருகிறது. ஐரோப்பாவுக்கு விற்கும் தொழிற்சாலை பூச்சை மாற்றும்போது நமக்கும் அந்த நல்ல டப்பா வரலாம், மீதமுள்ள பழைய சரக்கு நம் பக்கம் தள்ளப்படவும் வாய்ப்புண்டு. நம் விதியிலும் பிஸ்பீனால் என்று பெயர் போட்டுத் தேதி குறிக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான். வேலை முடிந்து களைத்துப்போய்ப் பேரங்காடிக்கு வரும் ஒரு அம்மா வேதியியல் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் இதைச் சொல்லுங்கள், நான் என் தொகுதியில் சொல்லிவிட்டேன்.

சுவா சூ காங் வாசகர்: கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலையே திரும்பத் திரும்ப நிரப்பிக் காரில் வைத்துக் குடிக்கிறேன்.

வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரில் அது சுடும், சூட்டில் ஆன்டிமனி என்ற தனிமம் கூடுதலாக இறங்கும், கழுவ முடியாத வாயில் கிருமியும் சேரும். 2026 ஏப்ரல் 1 முதல் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 காசு, அங்கே போடுங்கள்.

செங்காங் வாசகி: என் மாமியார் கும்பகோணத்திலிருந்து ஈயச்சொம்பும் இண்டாலியம் சட்டியும் ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறார். 'பிளாஸ்டிக்கைத் தூக்கிப்போடு, நம் பாத்திரம்தான் சுத்தம்' என்கிறார். ஈயம் நரம்புக்குக் கெடுதல் என்று என் கணவர் சொல்கிறார். வீட்டில் இதுதான் இப்போது பேச்சு.

இரண்டு பேரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் அம்மா. தமிழில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். ரசத்துக்கான சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது, அது நல்லது. உங்கள் கணவர் பயப்படுவது காரீயத்துக்கு, அது மூளையையும் நரம்பையும் கெடுக்கும், குழந்தைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே அதற்குக் கிடையாது. சிக்கல் என்னவென்றால், காரீயம் விலை குறைவு, கலந்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. காகிதத்தில் தேய்த்தால் கறுப்பாகக் கோடு விழும் என்பார்கள், நிறையக் கலந்திருந்தால் விழும், கொஞ்சம் கலந்திருந்தால் ஏமாற்றிவிடும். ரசமோ புளிப்பு, சூடு இரண்டும் சேர்ந்தது.

என் அம்மாவிடமும் ஒரு ஈயச்சொம்பு இருந்தது. ஒருநாள் ரசத்தை ஊற்றாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டார், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், கண்முன்னால் குழைந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. இந்தப் பாத்திரங்களோடு நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன உறவு என்று எனக்குத் தெரியும், அதனால் தூக்கிப் போடுங்கள் என்று சுலபமாகச் சொல்ல மாட்டேன்.

சொம்பை ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்துக் காரீயச் சோதனை செய்யுங்கள். காரீயம் இல்லையென்று எழுதிக் கொடுத்தால் தாராளமாக ரசம் வையுங்கள். சட்டியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இண்டாலியம் என்பது அலுமினியக் கலவை. பழைய எந்திரப் பாகங்களையும் கழிவு உலோகத்தையும் உருக்கி வார்க்கும்போது காரீயமும் கூடவே வந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இண்டாலியம், பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் இறங்குகிறது என்று பெயர் சொல்லியே எச்சரித்தது. வாஷிங்டன் மாநிலம் 2026 ஜனவரி 1 முதல் வரம்புக்கு மேல் காரீயம் உள்ள சமையல் பாத்திரத்தை விற்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. அந்தச் சட்டியில் சமைக்காதீர்கள், புளிக்குழம்பு கண்டிப்பாக வேண்டாம்.

மாமியாரிடம் கணவர் பேச வேண்டாம், நீங்களே பேசுங்கள். 'அத்தை, சொம்பைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், நல்லதென்று வந்தால் முதல் ரசம் நீங்கள்தான் வைக்க வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். சட்டிக்குப் பதிலாகத் தேக்காவில் அடிக்கனமான எவர்சில்வர் சட்டி கிடைக்கும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தட்டிப் பார்த்து வாங்குவதற்கு அவரைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்காது.